இரண்டாம் பந்தி ரைட்டர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. நாத்தனார் போய்ச் சேர்ந்தபின் அவள் பிள்ளைகள் இரண்டும் என் கையில்தான் வளர்ந்தன. ஏழில் ஒன்றும் சோடை போகவில்லை. நான் பள்ளிக்கூடம் போனது ஒன்றரை வருடம். என் பெயரை எழுதுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், அதற்கு மேல் எழுத்து என்னோடு ஒட்டவில்லை. ஆனாலும் ஏற்காட்டு மலையில் செம்மநத்தம் பக்கத்தில் எங்கள் மலை விவசாயிகள் சங்கத்துக்கு ஒன்பது வருடம் நான் டைரக்டர். ரப்பர் ஸ்டாம்பில் என் பெயருக்குக் கீழே அப்படித்தான் வெட்டியிருந்தது.

இப்போது சொல்லப் போவது என் கதையில்லை. அந்தச் சங்கத்தில் வேலை பார்த்த ரைட்டரின் கதை. எஸ்டேட்டில் ஆள் வந்தது, மூட்டை போனது எல்லாம் எழுதுகிறவரை ரைட்டர் என்போம். இவர் ஒரு எஸ்டேட்டில் இருபது வருடம் எழுதிவிட்டு, கம்ப்யூட்டரும் பழகிக்கொண்டு எங்களிடம் வந்தார். ஏற்காட்டில் சர்ச்சுக்குப் பின்னால் வீடு. ஒல்லியான ஆள். மழை வந்தாலும் வராவிட்டாலும் குடை. கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர்.

அந்த மனிதர் எதையும் நம்பமாட்டார். ஆளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பூட்டையும் நம்பமாட்டார், பாலையும் நம்பமாட்டார்.

சாயங்காலம் ஆபீசைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். கேட்டு வரை போவார். நிற்பார். திரும்பி வந்து நாலாவது தடவை இழுப்பார். டீ வந்தால், மற்றவர்கள் இரண்டு வாய் குடிக்கும் வரை தம்ளரை ஆற்றிக்கொண்டே இருப்பார். துணியில் சுற்றிய ஒரு கிலோ இரும்புப் படிக்கல் ஒன்று அவருடைய சொந்தச் சொத்து. திங்கட்கிழமை காலையில் சங்கத்து எலக்ட்ரானிக் தராசில் முதலில் ஏறுவது அதுதான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“நேத்துப் பூராவும் தராசு சும்மா இருந்துச்சுங்களே. என்ன யோசன பண்ணுச்சோ, யாரு கண்டா” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

பஸ்ஸில் ஏறுமுன் டிரைவர் முகத்தைப் பார்ப்பார். பழக்கமில்லாத முகமாக இருந்தால் ஏறமாட்டார். அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்து வரும். உட்கார்ந்திருப்பார்.

என் கடைசிப் பேரனின் காதுகுத்துக்கு வந்திருந்தார். இலை போட்டு எல்லாரையும் கூப்பிடுகிறோம், இவர் மட்டும் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்குச் சுருக்கென்றது. நேரே போய்க் கேட்டேன்.

“ஏனுங்க ரைட்டரே, எங்க ஊட்டுச் சோத்துல வெசமா வெச்சிருக்குது?”

“ஐயோ, அப்படி இல்லீங்க டைரக்டரம்மா. மொதப் பந்தியில உக்காந்தவங்க உப்புப் பாப்பாங்க. ரெண்டாம் பந்தியில உக்காந்தவங்கதான் சோறு திம்பாங்க.”

“அப்ப மூணாம் பந்தி?”

“மூணாம் பந்தியில பாயாசம் இருக்காதுங்க.”

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு இரண்டாம் பந்தி ரைட்டர் என்றே பெயர். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஊரில் எல்லாரையும் சந்தேகப்படுகிற ஆள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. தன் மடியில் கனமில்லாதவன் அடுத்தவன் மடியை ஏன் தடவிப் பார்க்கிறான்?

அதனால் தினமும் ஆபீசுக்குப் போய் அவர் மேசைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். டைரக்டர் என்றால் ஸ்டாம்பு மட்டுமா?

அந்த ஆபீசில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குள்தான் நூறு குடும்பத்துக்கு மேல் எங்கள் காடு முழுக்க இருந்தது. யார் காட்டுக்கு எது எல்லை, எத்தனை காப்பிச் செடி, எத்தனை மிளகுக்கொடி, எந்த வருடம் எந்தக் குழி எருவைப் போட்டோம், எந்தத் தேதியில் பறித்தோம், எல்லாம். எங்கள் காப்பிக்கும் மிளகுக்கும் மருந்து போடாத சரக்கு என்று சான்று இருந்தது. அந்தச் சான்றுக்காரர்களின் ஆபீசர் வருடத்துக்கு ஒருமுறை வருவார். வந்ததும் ஏதாவது ஒரு காட்டு நம்பரைச் சொல்லி, ஐந்து வருடத்துப் பதிவைக் காட்டு என்பார். காட்ட முடியாவிட்டால் சான்று போய்விடும். போனால் திரும்ப வாங்க மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். முதலில் நோட்டில்தான் எழுதி வைத்திருந்தோம். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியபிறகு நோட்டைக் கரையான் பார்த்துக்கொண்டது.

அவர் கம்ப்யூட்டரைத் திறந்ததும் தினமும் காலையில் திரையின் ஓரத்திலிருந்து ஒரு நீலப் பெட்டி எழும்பி வரும். அதில் இரண்டு பொத்தான். இவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் இடது பொத்தானை அமுக்கிவிடுவார். பெட்டி போய்விடும். மறுநாள் மறுபடி வரும். நானும் ஒரு மாதம் பார்த்தேன்.

“என்னங்க அது, தெனமும் வருது, தெனமும் தொரத்தறீங்க?”

“ஒண்ணுமில்லீங்க.”

ஏழு பிள்ளை வளர்த்தவள் நான். ஒண்ணுமில்லை என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? வலது பொத்தானில் என்ன இருக்கிறது, அதை ஏன் ஒருநாளும் தொடமாட்டேன் என்கிறார் என்று மனசு அரித்தது. சேலத்தில் கல்லூரியில் படித்த சின்னப் பேத்தியிடம், பெட்டி இப்படி இப்படி இருந்தது என்று சொன்னேன்.

“அது ஓ.எஸ். மாத்தச் சொல்லுது அப்பாயி” என்றாள். “கம்ப்யூட்டருக்கு அடியில ஒண்ணு ஓடும். அதுமேலதான் மத்ததெல்லாம் நிக்கும். உங்க ஆபீசுல இருக்கறது பழசு. பொங்கலோட அதுக்குக் காவல் நின்னுரும். அப்பறம் திருடன் உள்ள வந்தாக் கேக்க ஆள் கெடையாது.”

“அப்ப அந்தாளு ஏன் மாத்தமாட்டீங்கறாரு?”

“அதை அவரத்தான் கேக்கோணும்.”

கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“டைரக்டரம்மா, அடியில ஓடறது மண்ணு மாதிரிங்க. நம்ம காட்டுப் பதிவு வெச்சிருக்கற புரோகிராமு செடி மாதிரி. பழைய மண்ணுல வேர் புடிச்ச செடி. புது மண்ணுல நிக்குமா, வாடுமான்னு தெரியாது. வேற சங்கத்துல மாத்துனவங்கள விசாரிச்சுட்டு இருக்கறனுங்க. ரெண்டு பேருக்கு நின்னுச்சு, ஒருத்தருக்கு நிக்கல. ஏன் நிக்கலைன்னு தெரியற வரைக்கும் நான் தொடமாட்டனுங்க.”

சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாகப் பேசுகிறவன்மேல்தான் எனக்குச் சந்தேகம் கூடும்.

புரட்டாசி பிறந்த சமயம். சனிக்கிழமை தோறும் அவருடைய டிபன் கேரியர் போகும்போது ஒரு சத்தம் வருவதைக் கவனித்தேன். சாப்பிட்டுக் கழுவிய பாத்திரத்துக்குள் என்ன சத்தம்? அந்த வாரம் வாசலை மறித்து நின்றேன்.

“அடி அடுக்குல என்னங்க ரைட்டரே?”

“மிச்ச ரசமுங்க.”

“ரசம் லொடலொடன்னு ஆடுமுங்களா?”

அவர் அடுக்கைத் திறந்தார். கைக்குட்டையில் சுற்றி, சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா. ஹார்டு டிஸ்க் என்றார். கம்ப்யூட்டரில் இருக்கிற அத்தனைக்கும் நகல் அதில் இருக்கிறதாம். ஆபீசு தீப்பிடித்தால், மழையில் சுவர் விழுந்தால், இது வேறு கூரைக்குக் கீழே இருக்கவேண்டுமாம். வாரம் ஒருமுறை கொண்டுவந்து புதுசை ஏற்றிக்கொண்டு போவாராம்.

எனக்கு வேறொன்று தோன்றியது. டவுனில் மிளகு வாங்குகிற ஒரு வியாபாரி இருந்தான். யார் காட்டில் எவ்வளவு மிளகு விளையும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எங்களை ஆட்டிப்படைப்பான். இந்த டப்பா அவன் கைக்குப் போனால்?

“வேற கூரதான வேணும்? டைரக்டர் ஊட்டுக் கூரையில இருக்கட்டும். குடுங்க” என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். “அடுத்த சனிக்கெழம தர்றனுங்க” என்றார்.

“ஒரு வாரம் எதுக்குங்க?”

“கொஞ்சம் வேல இருக்குதுங்க.”

அந்த ஒரு வாரமும் எதையோ அழிக்கிறார் என்றே நினைத்தேன். சொன்ன சனிக்கிழமை கொடுத்தார். வெயில் ஆகாது, தண்ணி ஆகாது, கீழே போட ஆகாது என்று மூன்று பத்தியம் சொன்னார். சனிக்கிழமை சனிக்கிழமை ஆபீசுக்குக் கொண்டுவந்தால் புதுசை ஏற்றித் தருகிறேன் என்றார். தேவைப்படும்போது கொண்டுவருகிறேன் என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். அவர் கையில் திரும்பக் கொடுக்கவா வாங்கினேன்?

டிரங்குப் பெட்டியில் கூரைப்புடவைக்கு நடுவில் வைத்தேன். பதினைந்து நாளில் ஆயுத பூசை வந்தது. மண்வெட்டி, கவாத்துக் கத்தி, மிளகு ஏணி, மகனுடைய டிவிஎஸ், எல்லாவற்றையும் கழுவி வைத்தேன். நூறு குடும்பத்துக் காட்டையும் வயிற்றில் வைத்திருக்கிற டப்பாவைப் பெட்டியில் போட்டுவிட்டு மண்வெட்டிக்குப் பூசை செய்வேனா? அதையும் எடுத்து வைத்தேன். தண்ணி ஆகாது என்றதால் கழுவவில்லை, துணியால் துடைத்தேன். எங்கள் பக்கம் எந்தக் கருவிக்கும் வாயில்தான் முதல் பொட்டு. கத்திக்கு வாய், உரலுக்கு வாய். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் ஒயர் சொருகுகிற வாய் இருந்தது. சந்தனத்தைக் கெட்டியாய்க் குழைத்து அங்கே வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். சந்தனம் ஆகாது என்று அவர் சொல்லவில்லை.

புரட்டாசி கடைசியில் கமிட்டி கூடினோம். சங்கத் தலைவர் எனக்குப் பங்காளி முறை, தம்பி ஆகவேண்டும். ஓ.எஸ். மாத்துவது பற்றி அவர்தான் எடுத்தார்.

“பொங்கலோட காவல் நின்னுருமாம். இப்பவே மாத்திப்புடலாம். சேலத்துல ஆளு இருக்குது.”

ரைட்டர் எழுந்து நின்றார். “மாத்தவே வேண்டாங்கலீங்க. இன்னும் ஒரு மாசத்துல ஆபீசரு வர்றாரு. அவரு பாத்துட்டுப் போயிரட்டும். பொங்கலுக்கு முன்னால மார்கழி கடைசியில பத்து நாள் இருக்குது. அப்ப மாத்தலாம்.”

“எப்பப் பாத்தாலும் பொறகு, பொறகு.”

“நீங்களே சொல்லுங்க. நாத்து நடறது மழையில. காய் பழுத்து நிக்கறப்பவா செடியப் புடுங்கி வேற குழியில வெப்பீங்க?”

“காவல் இல்லாத காட்டுல பழுத்தா மட்டும் என்ன, கொரங்குதான திங்கும்?” என்றார் தலைவர்.

ஐந்து பேரில் இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். ஐந்தாவது நான். எனக்கு ஓ.எஸ். பற்றி என்ன தெரியும்? அந்த நீலப் பெட்டியை அவர் துரத்துகிற வேகம்தான் கண்ணில் நின்றது. ஆனால் அதை மட்டும் வைத்துக் கை தூக்கவும் கூசியது. “சாமிகிட்ட பூக் கேட்டுருவோம்” என்றேன்.

பெண் பார்ப்பதானாலும் கிணறு தோண்டுவதானாலும் எங்களுக்கு அதுதான் வழக்கம். சேர்வராயன் கோயிலுக்குப் போய், வெள்ளைப்பூ ஒன்றை ஒரு இலையிலும் சிவப்புப்பூ ஒன்றை இன்னொரு இலையிலும் மடித்துச் சாமி முன்னால் போட்டோம். தலைவர் கேள்வியைக் கேட்டார். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. சரி என்று உத்தரவு.

திரும்பி வந்து சொன்னபோது ரைட்டர் மறுத்துப் பேசவில்லை. கைகட்டிக் கேட்டுவிட்டு, மெல்ல, “சாமிகிட்ட என்னன்னுங்க கேட்டீங்க?” என்றார்.

“மாத்தலாமான்னு கேட்டோம்.”

“மாத்தலாமுன்னுதான நானும் சொல்றன். எப்ப மாத்தறதுன்னு கேக்கலீங்களே.”

“யோவ், சாமிகிட்டயே வக்கீல் பேச்சா?” என்று தலைவர் சத்தம் போட்டார். ரைட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரருக்கு எங்கள் சாமி மேல் நம்பிக்கை இல்லை என்று ஒருவர் முணுமுணுத்தார். எனக்குத் தெரிந்து அவர் சாமியைச் சந்தேகப்படவில்லை, கேட்ட எங்களைத்தான் சந்தேகப்பட்டார்.

ஐப்பசிக் கடைசியில் சேலத்திலிருந்து கம்ப்யூட்டர்காரர் வந்தார். தாடி வைத்தவர், முப்பது வயது இருக்கும். ஆபீசர் வர எட்டு நாள் இருந்தது. நான் டப்பாவை மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குங்குமத்தைத் துடைத்துத்தான் கொண்டுவந்திருந்தேன்.

“உள்ள இருக்கறத எல்லாம் சுத்தமா அழிச்சுட்டுத்தான் புதுசு போடோணும். நகல் எடுத்து வெச்சிருக்கறீங்களா?” என்று கேட்டார் தாடிக்காரர்.

“அக்காகிட்ட பத்திரமா இருக்குது. அதுக்கப்பறம் ஒன்னரை மாசத்துப் பதிவுதான், அது தெனமும் குறிக்கற நோட்டுல இருக்குது” என்றார் தலைவர்.

ரைட்டர் முன்னால் வந்தார். “மொதல்ல அதைச் சொருகித் தொறந்து பாத்துட்டு, அப்பறம் கை வையுங்க.”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. வெளியூர் ஆளுக்கு முன்னால், கமிட்டிக்கு முன்னால், என் பெட்டியில் இருந்த பொருளைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்.

“ஏனுங்க, ஏழு வருசமா எதுத்தாப்பல உக்காந்திருக்கறன். பத்திரமா வெச்சிருக்கறன்னு நான் சொன்னாப் போதாதுங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். இரண்டாம் தடவை சொல்ல வாயெடுத்தார். பிறகு, “சரிங்க” என்று பின்னால் போய் நின்றுகொண்டார்.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. புதுத் திரையில் மலையும் ஏரியுமாய் நல்ல படம். எல்லாரும் டீ குடித்தோம். அப்புறம் டப்பாவைக் கொடுத்தேன். தாடிக்காரர் ஒயரைச் சொருகினார். உள்ளே போகவில்லை. திருப்பிச் சொருகினார். போகவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உள்ள என்னங்க மஞ்சளா, கட்டியா இருக்குது?”

ஊக்கால் சுரண்டி மோந்து பார்த்தார். “சந்தனமுங்களே.”

தாடிக்காரர் இன்னும் கொஞ்சம் சுரண்டினார். உள்ளே ஏதோ படக்கென்று ஒடிந்தது. ஊக்கைக் கீழே வைத்துவிட்டார்.

“சேலத்துக்குக் கொண்டுபோய்த்தான் பாக்கோணும். பதினஞ்சு நாளாகும். வருமுன்னு உறுதி சொல்ல முடியாதுங்க.”

“அக்கா, என்னக்கா பண்ணி வெச்சிருக்கற” என்றார் தலைவர்.

எட்டு நாளில் ஆபீசர் வருவார். நூறு குடும்பம். மூன்று வருடம். என் மகன் காடும் அதில்தான். ரைட்டர் மேல் வைத்த கண்ணை ஒருநாளாவது என் கைமேல் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. அதைச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் சொல்லவில்லை. செருப்பை மாட்டினார், குடையை எடுத்தார், கேரியரை எடுத்தார்.

“ஊடு வரைக்கும் போயிட்டு வர்றனுங்க.”

வேலையை விட்டுவிட்டுத்தான் போகிறார் என்று நினைத்தேன். தலைவர் பின்னாலேயே ஓடி வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார்.

“வேண்டாமுங்க. உங்க வண்டிக்குப் பின் பிரேக்கு கெடையாது. ஊட்டுல இன்னொரு டப்பா இருக்குது. எடுத்தாறன்.”

அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்தபடி நின்றேன். தூறல். பஸ் வந்தது, நின்றது, புறப்பட்டது. அது போனபிறகும் குடை அதே இடத்தில் இருந்தது. தலைவர் போய்க் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு வந்தார்.

“டிரைவரு புதுசாமாக்கா. இந்த மழையில அவன் ஓட்டி நான் பாத்ததில்லீங்கறாரு.”

என் ஆயுசில் ஒரு மனிதனை அவ்வளவு திட்டியதில்லை. உட்கார்ந்து திட்டினேன், எழுந்து நின்று திட்டினேன். ஒன்றரை மணி நேரம். அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனார். போன பஸ் திரும்பி வர விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. அவர் நனையாமல் இறங்கினார். கேரியரின் அடி அடுக்கைத் திறந்தார். அதே மாதிரி கைக்குட்டை, அதே மாதிரி கறுப்பு டப்பா.

தாடிக்காரர் சொருகினார். நீலமாய் ஒரு வெளிச்சம் எரிந்தது. அந்தப் புரோகிராமைப் புது ஓ.எஸ்.ஸில் நிற்கவைக்க இன்னும் ஒரு மணி நேரம் பிடித்தது. அதற்கு என்ன செய்யவேண்டும் என்று ரைட்டர் ஒரு காகிதத்தில் எழுதியே வைத்திருந்தார். நிற்கவில்லை என்ற அந்த ஒருவர் இருக்கிறாரே, அவரிடம் விசாரித்து வாங்கியதாம்.

“எப்பங்க இது எடுத்தது?” என்று கேட்டேன்.

“நீங்க அதைக் கேட்டீங்களே, அந்த வாரமுங்க. ரெண்டாவது ஒண்ணு வாங்கிப் போட்டேன். அப்பறம் சனிக்கெழம சனிக்கெழம இதுல ஏத்திட்டே வந்தன்.”

“அப்ப என்மேல உங்களுக்கு அன்னைக்கே நம்பிக்கை இல்ல.”

“நீங்க தொலைக்கமாட்டீங்கன்னு தெரியுமுங்க. சும்மா வெச்சிருக்கமாட்டீங்கன்னும் தெரியுமுங்க.”

தலைவர் கைதட்டப் போனார். ரைட்டர் தடுத்துவிட்டார். “இருங்க. வெளிச்சம் எரிஞ்சாப் போதுமுங்களா, உள்ள இருக்கறது சரியா இருக்கோணுமே” என்று என்னை எதிரில் உட்காரவைத்து, என் காட்டுப் பக்கத்தைத் திறந்தார்.

“மேக்கால எல்லை?”

“ஓடை.”

“கெழக்கால?”

“கொழுந்தனார் காடு. நடுவுல பலாமரம்.”

“மொளகுக்கொடி நூத்தியிருவது.”

“நூத்தியெட்டு” என்றேன். “பன்னெண்டு கொடி ஆடிக் காத்துல மரத்தோட போச்சு.”

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “ஆடியில போனது. ஐப்பசி முடியப் போகுது. ஏனுங்க சொல்லல?”

“விட்டுப்போச்சுங்க.”

நூற்றியெட்டு என்று அடித்தார். அடுத்த மூன்று நாளும் ஒவ்வொரு குடும்பமாய் வரச்சொல்லி, அவரவர் காட்டை அவரவர் காதுக்கு வாசித்துக் காட்டினார். ஆபீசர் வந்து மூன்று நம்பர் சொன்னார். மூன்றும் சரியாக நின்றது. சான்று தப்பியது. கமிட்டியில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அதை எடுத்துத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மடித்து வைத்தார்.

அடுத்த வருடம் கொரோனா வந்தது. பஸ் நின்றது. அவர் மகள் மலைக்குக் கீழே கீழ்நாட்டிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போக ஏற்பாடு செய்தாள். போகிறதற்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, கைக்குட்டையைப் பிரித்து, அந்த இரண்டாவது டப்பாவை என்னிடம் நீட்டினார்.

“இத நீங்களே வெச்சிருங்க.”

“இன்னொண்ணு எங்க வெச்சிருக்கறீங்க?” என்றேன்.

“இல்லீங்க. இதுதான்.”

“நெசமாலுமா?”

“இன்னொண்ணு இல்லீங்க டைரக்டரம்மா” என்றார். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றும் தெரியாது.

அந்த ஒரு சொல் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அது நிஜம் என்றால் அந்த மனிதர் உலகத்தில் ஒருத்தியை நம்பியிருக்கிறார், அவள் நான். சந்தனம் வைத்தவளை, பன்னிரண்டு கொடியை மறைத்தவளை. விட்டுப்போச்சு என்று அன்றைக்குச் சொன்னது பொய்தான். கொடி குறைந்தால் ஊரில் என் பேர் குறையும் என்று நான்தான் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரே நகலை என் கையில் கொடுத்தார் என்றால், அவருக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். பொய் என்றால் இன்னொரு டப்பா எங்கேயோ ஒரு கேரியரின் அடி அடுக்கில் இருக்கிறது, அவர் நான் அறிந்த ரைட்டராகவே போயிருக்கிறார். காலையில் யோசித்தால் பொய்யாக இருக்கவேண்டும் என்று தோன்றும், அதுதான் சங்கத்துக்கு நல்லது. சாயங்காலம் யோசித்தால் நிஜமாக இருந்தால் என்ன என்று தோன்றும். டப்பா பெட்டியில்தான் இருக்கிறது. அதை நான் தொடுவதில்லை.

போதும் கண்ணு, பேனாவ வெய். நான் சொன்னத எழுதினயா, பன்னெண்டு கொடி சமாச்சாரத்த அப்பாயிக்குக் கொறச்சலுன்னு உட்டுட்டயா, எனக்கு எப்படித் தெரியும்? மொத வரியிலிருந்து படி. மெதுவாப் படி சாமி, நான் கேக்கறன்.